சனிக்கிழமைப் பை

“ஒரு ஹேண்ட்பேக்குக்கு ஒண்ணே முக்கால் லட்சம் குடுக்கலாமா அம்மை?”

கேட்டவள் தமயந்தி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

துறவியான அம்மை ஏரிக்கரையில் மூன்று அறை மடம் ஒன்றில் தனியாக இருந்தார். தமயந்தியைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நம்மைவிடச் சின்னவரிடம் போய் ஞானம் கேட்பதா என்று தமயந்திக்கு ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. வந்து போக, வந்து போக அது விட்டுப்போயிற்று.

அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டும் கை நிற்கவில்லை.

“என்ன நிறம்?”

“கரும்பச்சை.”

“நல்லா இருக்குமா?”

“ரொம்ப நல்லா இருக்கும்.”

“பணம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

தமயந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் என்னவா? வீட்டில் சமைக்கிற அம்மாவுக்கு அவள் வருஷம் முழுக்கக் கொடுக்கிற சம்பளம்கூட அந்த விலைக்கு எட்டாது. மெல்போர்னில் இருக்கிற மகளிடம் சொன்னால், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுவாள். கணவர் உயிரோடு இருந்திருந்தால் விலையைக் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருப்பார்.

அதே மூச்சில் மறுபக்கமும் பேசினாள். வேலைக்குப் போன காலமெல்லாம் கம்பெனி கொடுத்த கறுப்புப் பையையே சுமந்திருக்கிறாள். மகள் படிப்பு, மகள் கல்யாணம், அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தாயிற்று. தனக்கென்று ஆசைப்பட்டு ஒன்றும் வாங்கியதில்லை. ஒரு தடவை வாங்கினால் குடி முழுகிவிடுமா?

இரண்டு பக்கத்துக்கும் அவளே வக்கீல். அம்மை தீர்ப்புச் சொல்லுகிற மாதிரி தெரியவில்லை.

“இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும் அம்மை” என்றாள்.

அந்த மாதிரிப் பை கடையில் ஒன்றுதான் மிச்சம். வேறொரு அம்மாளும் கேட்டிருக்கிறார். கடைப்பெண் பிரிசில்லா இதுவரை தமயந்திக்காக அதை எடுத்து வைத்திருந்தாள். இனிமேல் முடியாது என்று காலையில் போன் பண்ணிவிட்டாள்.

“எத்தனை நாளா பாக்குறீங்க?”

“பொங்கலுக்கு முன்னாடியிருந்து.”

இப்போது ஆனி பிறந்துவிட்டது.

“சனிக்கிழமை தவறாம போய்ப் பாக்குறேன்” என்றாள் தமயந்தி. நிதானமாகத்தான் முடிவெடுக்கிறேன் என்று அம்மைக்குத் தெரியட்டும் என்பதுபோல் சொன்னாள்.

அம்மை ஒரு சொத்தை மொச்சையைத் தள்ளி வைத்தார்.

“உள்ள எத்தனை அறை இருக்கு?”

“எதுக்குள்ள?”

“பைக்குள்ளதான்.”

தமயந்திக்குத் தெரியவில்லை.

“ஜிப்பா? பொத்தானா?”

அதுவும் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரைக்கும் படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவள் அவள். ஆபீசில் அதற்காக அவளைக் கேலி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவள் அந்தப் பையை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இப்போதுதான் அது அவளுக்கே உறைத்தது.

“அப்போ சனிக்கிழமை அங்க என்னதான் பாப்பீங்க?”

தமயந்தி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு கலகலப்பு வந்தது.

மாலில் இரண்டாவது மாடி. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் பிரிசில்லா உள்ளேயிருந்து வந்துவிடுவாள். வாங்க மேடம், இந்த வாரம் என்ன லேட்டு என்பாள். சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுப்பாள். அரைச் சர்க்கரைதான் என்று சொல்லத் தேவையில்லை, அவளுக்கே ஞாபகம் இருக்கும். பிறகு பையை எடுத்து வந்து தமயந்தியின் தோளில் மாட்டிவிடுவாள். வாருக்கு அடியில் சிக்கிக்கொண்ட முடியை எடுத்து வெளியே விடுவாள். அப்படியே தோளில் கை வைத்து, கண்ணாடியைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி நிறுத்துவாள்.

பிரிசில்லாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்று நின்று குதிகால் வலி. வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைக்கச் சொல்லியிருக்கிறாள் தமயந்தி. தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், கணக்கில் கொஞ்சம் மந்தம். பிரிசில்லாவுக்குப் புளிக்குழம்பு என்றால் உயிர், ஹாஸ்டலில் அதற்கு வழியில்லை.

பையைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னவள் பிரிசில்லாவைப் பற்றி இவ்வளவு சொன்னாள்.

“வர்றவங்க எல்லார்கிட்டயும் அந்தப் பொண்ணு அப்படித்தானே இருக்கும்?” என்று கேட்டார் அம்மை.

தமயந்தியின் முகம் சுண்டிப்போயிற்று.

“அது அவ வேலை. எனக்குத் தெரியாதா அம்மை? பாலிசி விக்கிற பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். பேர் சொல்லிக் கூப்பிடு, வீட்டு விஷயம் விசாரி, போன வாட்டி சொன்னதை ஞாபகம் வச்சுக் கேளு. எல்லாம் நான் சொல்லிக் குடுத்த பாடம்தான்.”

“தெரிஞ்சும் போனீங்க.”

“தெரிஞ்சுதான் போனேன்.”

அம்மை முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவித் துடைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தார். யாரோ கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த பை அது. மாப்பிள்ளையின் பேர் அழிந்துபோய்ப் பெண்ணின் பேர் மட்டும் பாதி மிச்சமிருந்தது.

“எழுந்திருங்க.”

தமயந்தி எழுந்து நின்றாள்.

அம்மை அந்தப் பையை அவள் தோளில் மாட்டினார். பின்னால் வந்து, கைப்பிடிக்கு அடியில் சிக்கிய முடியை எடுத்து வெளியே விட்டார். தோளில் கை வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கும்படி அவளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார்.

கையை எடுக்கவில்லை.

தமயந்தி அழுதாள். முதலில் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு அடக்க முடியவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். கணவர் போனதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திரையில் வந்து கையாட்டுகிறாள். ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸ் பட்டையைச் சுற்றுகிறாள். பிரிசில்லாவை விட்டால் வேறு யாரும் அவளைத் தொடுவதில்லை. தொடாமலே வாரம் போகும், மறுபடி சனிக்கிழமை வரும். இது ஒரு குறை என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அழுகை ஓய்கிறவரைக்கும் அம்மை கையை எடுக்கவில்லை. ஓய்ந்ததும் திரும்பப் போய் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க மணியைப் பார்த்தாள்.

“இப்பக் கிளம்பினாத்தான் கடைக்குப் போக முடியும். என்ன அம்மை சொல்றீங்க? வாங்கிடட்டுமா?”

“வாங்குங்க.”

தமயந்தி இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லுவார், தானும் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள்.

“நெஜமாவா?”

“பணம் இருக்கு. பை நல்லா இருக்கு. வாங்குங்க.”

அம்மை ஒரு மொச்சையைப் பிதுக்கிச் சட்டியில் போட்டார்.

“வாங்கிட்டா, அடுத்த சனிக்கிழமை எங்க போவீங்க?”

தமயந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். பொங்கலுக்கு முன்னாலிருந்து ஏன் தன்னால் முடிவெடுக்க முடியவில்லை என்று தினமும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அப்போது அவள் போன் அடித்தது. கடை எண்.

அம்மை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தமயந்தி எடுத்தாள்.

“மேடம், பிரிசில்லா பேசுறேன். அந்த இன்னொரு மேடம் வந்து உக்காந்திருக்காங்க. உங்களுக்கு பில் போட்டுடட்டுமா?”

“அவங்களுக்கே குடுத்துடும்மா.”

“அய்யோ, இத்தனை மாசமா ஆசையா பாத்தீங்களே மேடம்.”

“பரவாயில்ல.”

அந்தப் பக்கம் யாரோ பிரிசில்லாவைக் கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று அவள் வாயை விலக்கிச் சொன்னது கேட்டது. பிறகு குரலைச் சரிபண்ணிக்கொண்டு பேசினாள்.

“சரிங்க மேடம். வேற ஏதாவது வேணும்னா சொல்லுங்க மேடம்.”

தமயந்திக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். போனை வைப்பதற்கு முன்னால் சொல்லவேண்டிய வரி. அதையும் அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த வரியை நம்பி யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மஞ்சப்பை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. அதன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பிரிசில்லா.”

“சொல்லுங்க மேடம்.”

“உனக்கு லீவு என்னைக்கும்மா?”

அம்மையின் கை நின்றது.

போனில், கடையில் ஓடுகிற பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.