கரட்டுச் சாமியம்மாவின் பந்தி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி என் காப்பியில் சர்க்கரையே விழ வேண்டாம். டாக்டர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்பது வேறு சங்கதி.

"அம்மா, ஆளுக மனசு விட்டுட்டாங்க" என்றார் மயில்வாகனன்.

பிஸ்கட் கம்பெனி மானேஜர் அவர். வெயிலில் பாறைக் கரட்டின் உச்சிக்கு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

குகை வாசலில், ஊரார் குறை சொல்லி யோசனை கேட்க வரும் சாமியம்மா கொள்ளு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாய். பெயர் மந்திரி.

"என்னய்யா ஆச்சு?"

"விறகு அடுப்பை எடுத்துட்டுப் புது மிஷின் போட்டோம். அதுலேர்ந்து ஒருத்தர் மூஞ்சியிலயும் களை இல்ல. மாவுத் தொட்டியில கோழி அடை உக்காந்து குஞ்சு பொரிச்சு, குஞ்சும் முட்டை போட்டாச்சு. விரட்ட ஆளில்ல."

"அப்புறம்?"

"மேஸ்திரி பலவேசம் அழுத அழுகையில வெண்ணெய் பிஸ்கட் எல்லாம் உப்பு பிஸ்கட் ஆயிட்டு. வர்ற திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா முதலாளி கதவைப் பூட்டிருவார். அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். என்னையும் சேத்து."

"நீ என்ன செஞ்சே?"

"லட்டு குடுத்தேன். படம் போட்ட பனியன் குடுத்தேன். ஒரு பிரசங்கமும் பண்ணேன்."

"அதைச் சொல்லு, கேப்போம்."

மயில்வாகனன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். நல்ல கனத்த குரல்.

"நாங்க நல்லா யோசிச்சு, உங்க நன்மைக்காக இந்த மிஷினைக் கொண்டு வந்திருக்கோம். நாங்க வேகமா முன்னேறிட்டிருக்கோம். நீங்க உற்சாகமா ஒத்துழைக்கணும்."

"அவுக என்ன சொன்னாவ?"

"'உங்க மிஷின் நின்னுபோச்சு சார், வந்து பாருங்க'ன்னாங்க."

சாமியம்மா ரசத்தை இறக்கினாள். வாசனை கரடு முழுக்கப் பரவியது. கீழே ரோட்டில் போன பஸ் தானாக நின்றுவிட்டது என்று சொல்வார்கள்.

"சரி, நாங்க சாப்பிடப் போறோம்" என்றாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மயில்வாகனன் ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு இலை விழுந்தது. ஒன்று சாமியம்மாவுக்கு. ஒன்று மந்திரிக்கு.

"அம்மா, எனக்கு?"

"நாங்கன்னுதானே சொன்னேன்."

மயில்வாகனன் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தார். மந்திரி அவரை மேலதிகாரி மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோற்றில் வாய் வைத்தது.

சாமியம்மா ஒரு கவளம் முழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்யா மூஞ்சைத் தொங்கப் போட்டிருக்கே? நாங்க உன் நன்மைக்காகத்தான் சாப்பிடறோம். நீ உற்சாகமா இருக்கணும். கொஞ்சம் கை தட்டேன்."

அவர் கை தட்டவில்லை. "அட, என் பிரசங்கம்!" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாமியம்மா மூன்றாவது இலையை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை கம்பெனி வாசலிலேயே பலவேசம் மறித்தார். பின்னால் ஆட்கள்.

"உங்க மிஷின் மறுபடியும் நின்னுட்டு சார்."

மயில்வாகனன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் தோளில் கை போட்டார்.

"அண்ணாச்சி, நாம என்ன செய்யலாம்?"

பலவேசம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே கோழி ஒருமுறை கொக்கரித்து ஓய்ந்தது.

"முதல்ல அந்தக் கோழியை வெளியேத்தணும்" என்றார் கடைசியில். "அப்புறம், விறகு அடுப்புக்கு வெள்ளிக்கிழமை தவறாம பொட்டு வைப்போம். நம்ம மிஷினுக்கு இதுவரைக்கும் யாராவது ஒரு பொட்டு வச்சோமா சார்?"

'நம்ம' என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யாரோ குங்குமம் எடுக்க ஓடினார்கள்.

இதைச் சொன்னது யாரென்று வெளியே மூச்சு விடாதீர்கள். நமக்குள்ளேயே இருக்கட்டும்.