ஐந்து மதகுகள்

"எதைத் திறந்தாலும் சரிதான் என்றால், எதைத் திறப்பது தாயே?"

அங்கமுத்து குருவின் முன் நின்று கேட்டார்.

ஆசிரமத்து ஏரியின் மதகுகள் அவர் பொறுப்பில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வடக்கிலிருந்து வரிசையாக மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றின் கீழும் துணி துவைக்கும் படி உண்டு; எல்லா நீரும் அவற்றைக் கடந்து ஒரே வாய்க்காலில் போய் விழும். இன்று முழங்கால் ஆழம், இன்று இடுப்பளவு என்று வயல்காரர்கள் காலையில் சொல்லி அனுப்புவார்கள். ஒன்றை முழுதாகத் திறந்தாலும் அந்த ஆழம் வரும், இரண்டைப் பாதி பாதி திறந்தாலும் வரும்.

அன்று காலை ஐந்தாவதைத் திறந்தார். கேட்ட ஆழம் அப்படியே வந்தது.

அதன் கீழ்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பேச்சியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உயிரோடு இழுத்துப் போட்டார்கள். கை முறிந்திருந்தது.

கரையில் கிடந்தபடியே அவள் கேட்டாள்: "நேத்து ரெண்டாவது. முந்தாநாள் நாலாவது. இன்னிக்கு எதுன்னு நான் எப்படிச் சாமி கண்டுபிடிக்கிறது?"

அப்போதிருந்து அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

குரு சிவஞானவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"அஞ்சாவதை ஏன் திறந்தீங்க?"

"தோணிச்சு."

"நேத்து ரெண்டாவதை?"

"அதுவும் தோணினதுதான். ஆனா ஒரு நாள்கூட ஆழம் தப்பலையே தாயே!"

குரு எழுந்து ஏரிக்கரைக்கு நடந்தார். படிகளில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார்:

"நாளையிலேர்ந்து வடக்கு மதகுதான் முதல்ல. அது முழுசாத் திறந்தும் போதலைன்னாத்தான் அடுத்தது. அதுவும் போதலைன்னாத்தான் அதுக்கடுத்தது."

அங்கமுத்துவின் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவுதானா? இதை யார் வேணும்னாலும் செய்யலாமே."

"ஆமாம்."

மறுநாள் ஆள் வந்து, படிகளில் இருந்தவர்கள் காதுபட இடுப்பளவு கேட்டான். ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது; ஒரு மதகு போதாது, இரண்டு வேண்டும். அங்கமுத்து கரையேறினார்.

அவர் இன்னும் மதகின் அடைப்புப் பலகையைத் தொடவில்லை. அதற்குள் முதல் இரண்டு மதகுகளின் படிகளிலிருந்த பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். மூன்றாவது மதகின் படியில் ஒருத்தி நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து துவைக்க ஆரம்பித்தாள்.

அங்கமுத்து அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற குருவிடம் திரும்பினார்.

"தாயே, நான் ஏதோ நினைப்பில வேற மதகைத் தொட்டுட்டா?"

"கரையிலேர்ந்து யாராவது கத்துவாங்க."