மண்டையோடு போட்ட டப்பா

"நான் என்ன பாவம் செஞ்சேன் சாமி? அவன் படிச்சுப் பார்க்கலை. அதுக்கு நானா பொறுப்பு?"

வந்ததும் வராததுமாகத் திருமேனி இப்படித்தான் ஆரம்பித்தார். ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். இருபது வருஷ வியாபாரம். மனசு சரியில்லை என்றால் மலையடிக்கு வந்து சுனைச்சாமி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

"யாரு?" என்றார் சாமி.

"பொன்னிருளு. ஒண்ணரை ஏக்கர் பருத்தி. உச்சி வெயில்ல சட்டைகூட இல்லாம மருந்து அடிச்சிருக்கான். வெறுங்கையால கலக்கியிருக்கான். சாயங்காலம் வாயில நுரை. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போய்ட்டான்."

நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். பொன்னிருளு கடைக்கு வந்தால் சிரித்துப் பேசாமல் போகிறவனே இல்லை.

"அவன் பெண்டாட்டி காலையில கடைக்கு வந்தா. காலி டப்பாவை மேசையில வச்சிட்டு, ஒண்ணும் பேசாமப் போய்ட்டா. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை சாமி."

"ம்."

"கையுறை போடு, முகத்தை மூடுன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. படிக்கத் தெரியலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்டானா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?"

சாமி கையை நீட்டினார். பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திருமேனி எடுத்துக் கொடுத்தார்.

சாமி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். பொடி எழுத்துகளை விட்டுவிட்டார். படத்தின் மேல் விரல் வைத்தார். சிவப்பு முக்கோணத்துக்கு மேலே ஒரு மண்டையோடு.

"இது என்னய்யா, பார்த்தாலே பயமா இருக்கு?"

திருமேனிக்குத் தினம் தினம் சொல்லிப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை.

"அதுவா? பயப்படாதீங்க. அது புழுவுக்கு, நமக்கில்லை. மண்டையோடு இருந்தா மருந்து நல்லாக் கேக்கும்னு அர்த்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

சாமி டப்பாவைக் கீழே வைத்தார். செம்பில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார். மறுபடியும் மொண்டு, மறுபடியும் கழுவினார்.

"பொன்னிருளு ஒண்ணுமே கேக்கலையா?"

திருமேனிக்கு அழுகைகூட நின்றுவிட்டது.

"கேட்டான் சாமி."