புதுக் கார்டும் அயர்ன் பாக்ஸும்

கோவில்பட்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தில்லைநாயகத்துக்கு, தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று ஒரு நினைப்பு. ஒருநாள் காலையில் செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டை வாங்கிவந்து, கல்யாண ஆல்பம் செய்யும் மரியபுஷ்பத்தின் மேஜையில் வைத்தார்.

"இதை நம்ம பழைய கம்ப்யூட்டர்ல மாட்டு. சாயங்காலம் அது பறக்கணும்."

"அண்ணாச்சி, இது இழுக்கிற கரண்டை உள்ளே இருக்கிற பவர் சப்ளை தாங்காது. அதையும் மாத்தணும்."

"கடை திறந்த அன்னைக்கு வந்த ராசிப் பெட்டி அது. உள்ளே எதையும் மாத்தக் கூடாது. கார்டுதான் புத்தம்புதுசாச்சே! முடியாதுன்னா நாளைக்கே வேற வேலை பாத்துக்கோ."

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய், இன்வர்ட்டரில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடின. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடும் கடைக் கோட்டு கசங்கிக் கிடந்தது. புஷ்பம் அதை விரித்துப் போட்டு, அயர்ன் பாக்ஸை இன்வர்ட்டரில் சொருகப் போனாள்.

தில்லைநாயகம் துள்ளி எழுந்தார். "ஏம்மா, இன்வர்ட்டர் படுத்துரும்!"

"அயர்ன் பாக்ஸ் புத்தம்புதுசுதானே அண்ணாச்சி?"

"அது புதுசா இருந்து என்ன செய்ய? அது கேக்கிறதைக் கொடுக்க இதுக்குத் தெம்பு வேண்டாமா?"

"இதைத்தான் அண்ணாச்சி, உங்க ராசிப் பெட்டியும் காலையிலேர்ந்து சொல்லுது."

போட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் புதுப் பவர் சப்ளை வந்தது. வந்தவர்களிடமெல்லாம் தில்லைநாயகம் விளக்கினார்: "கார்டு மட்டும் வாங்கினாப் போதுமா? தெம்பு வேண்டாமா? புஷ்பத்துக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

புஷ்பம் அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்தாள். அண்ணாச்சி பேச்சை மாற்றினார்.