கூர்மானந்தாவோட ஜபம்

தண்டபாணி ரிட்டயர்டு சர்வேயர். பென்ஷன் வந்ததுக்கப்புறம் தியானம் கத்துக்கக் கிளம்பினவரு. அவரோட குருவுக்கு அவரைவிட வயசு கம்மி. குருவம்மான்னு கூப்பிடுவாங்க.

ஒரு நாள் மத்தியானம் அவரு சம்சாரம் கோமளா குருவம்மாவைத் தேடி வந்தாங்க.

"அம்மா, அவரு சாப்பாட்டை விட்டுட்டாரு. வெறும் தண்ணிதான்."

"விரதமா?"

"ஆமை சாப்பிடலையாம். அதனால இவரும் சாப்பிட மாட்டாராம்."

"எந்த ஆமை?"

பேத்தி ஆசைப்பட்டு வாங்கின தண்ணி ஆமை. கண்ணாடித் தொட்டி, அதுல ஏறி உக்கார ஒரு கல்லு, மேல சூட்டுக்கு ஒரு விளக்கு. எல்லாம் கடைக்காரரே கொடுத்தது. பேத்தி பெங்களூருக்குப் போனதும் ஆமை தண்டபாணி பொறுப்புல வந்துச்சு. அவரு அதுக்குக் கூர்மானந்தான்னு பேரு வெச்சாரு. யோகிக்கு எதுக்கு மெத்தைன்னு கல்லை எடுத்தாரு. வெளிச்சம் தியானத்தைக் கலைக்கும்னு விளக்கை எடுத்தாரு. தொட்டியைப் பூஜை ரூமுக்குள்ள வெச்சு ஜன்னலைச் சாத்தினாரு.

அதுலேர்ந்து ஆமை கண்ணாடியை நகத்தால சுரண்ட ஆரம்பிச்சுது. கிர்... கிர்...னு நாள் பூரா. ஜபம்னு சொன்னாரு.

அப்புறம் சுரண்டறது நின்னுச்சு. தீனி நின்னுச்சு. கண்ணும் மூடிக்கிச்சு. சமாதின்னு சொன்னாரு. எதிர்லயே தானும் கண்ணை மூடி உக்காந்துட்டாரு.

"அதைக்கூடப் பொறுத்துக்குவேன்மா." கோமளா குரலைத் தாழ்த்தினாங்க. "ஆமை இப்ப சுரண்டறதில்ல. ஆனா சத்தம் கேக்குது."

குருவம்மா செருப்பை மாட்டினாங்க.

வீட்டு வாசப்படியிலயே கேட்டுச்சு. கிர்... கிர்...

பூஜை ரூம்ல பகல்லயும் இருட்டு. தண்ணி நாத்தம். தண்டபாணி சுவரோரமா கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. குருவம்மா சத்தமில்லாம தொட்டிக்குள்ள கையை விட்டு ஆமையைத் தூக்கினாங்க. சில்லுன்னு இருந்துச்சு. வயித்துப் பக்கம் விரலை வெச்சதும் பின்னங்கால் ஒண்ணு லேசா அசைஞ்சுது. துண்டுல சுத்தி, கீழ உக்காந்து மடியில வெச்சுக்கிட்டாங்க.

"தண்டபாணி."

"வாங்கம்மா." அவரு கண்ணைத் திறக்கல. "கூர்மானந்தா சமாதி ஆயிட்டாரான்னு நீங்கதான் சொல்லணும்."

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது. திரும்ப ஜபத்துல உக்காந்துட்டாரு."

"தொட்டியிலேர்ந்தா?"

"வேற எங்கேர்ந்தும்மா?"

"தொட்டியில யாருமில்ல. அது என் மடியில இருக்கு."

கிர்... கிர்...

தண்டபாணி கண்ணைத் திறந்தாரு. தொட்டியைப் பாத்தாரு. குருவம்மா மடியைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, சத்தம் வர்ற பக்கம் தலையைத் திருப்பினாரு.

அவரோட வலது கை சுவத்தைச் சுரண்டிக்கிட்டு இருந்துச்சு. சுண்ணாம்பு உதிர்ந்து குழி விழுந்திருந்துச்சு. நகக்கண்ணுல ரத்தம்.

இடது கையால அதைப் பிடிச்சு இழுத்து மடியில அமுக்கினாரு. அமுக்கின கைக்குள்ளயும் விரலு அசைஞ்சுது.

"ஐயோ, என்னங்க இது!" கோமளா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

குருவம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாங்க. வெயில் உள்ள விழுந்துச்சு. அதுல துண்டை விரிச்சு ஆமையை வெச்சாங்க.

"கண்ணை மூடிக்கல இது. வீங்கிப் போயிருக்கு. கோமளாம்மா, ஆட்டோ கூப்பிடுங்க, மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம். கல்லும் விளக்கும் எங்க?"

"பரண்ல கிடக்கும்மா."

"வந்ததும் இறக்குங்க. இவருக்குக் கொஞ்சம் கஞ்சி வைங்க."

கோமளா ஓடினாங்க. தண்டபாணி உக்காந்த எடத்துலேர்ந்து அசையல.

"அம்மா, அது ஜபமே இல்லன்னா... அத்தனை நாளும் அது என்னதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு?"

குருவம்மா ஆமையைத் துண்டோட எடுத்துக்கிட்டு வாசல் பக்கம் நடந்தாங்க.

"உங்க கையைக் கேளுங்க."