பந்தைத் தவறவிடாத ஆட்டக்காரர்

கோவில்பட்டியின் 'கரிசல்' ஹாக்கி அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றது. முதலாளி முன்னால் மேனேஜர் சிகாமணி, ஊர் ஊராய்ப் போய் ஆள் தேடிவரும் ஞானதீபத்தின் மேல் பழியைப் போட்டார்.

"ஒரு தடவைகூடப் பந்தைத் தவறவிடாத ஆளை நாளைக்குள்ள கொண்டு வாம்மா. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை."

"நாளைக்கு எதுக்கு சார்? நம்ம டீம்லயே உங்க மச்சினர் இருக்காரே!"

மேனேஜர் பூரித்துப்போனார். முதலாளிக்கு நம்பவே முடியவில்லை. "அவனா? எப்படிம்மா?"

"ஆறு ஆட்டமும் கவனிச்சேன் ஐயா. பந்து கிட்ட வந்தாலே விலகிக்கிறார். தொட்டாத்தானே தவறவிட முடியும்?"

"அப்போ நீ கொண்டுவந்த ஆட்கள் எங்கே?"

"நாலு பேரும் பெஞ்சிலதான் ஐயா."

ஏழாவது ஆட்டத்தில் அந்த நால்வரும் இறங்கினார்கள். அணி ஜெயித்தது. சிகாமணியும் மச்சினரும் டிக்கெட் வாங்கிக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.