சுற்றிப் போகும் வழி

பஞ்சுக் கிடங்கில் தீ அணைந்துவிட்டது. தெருவைப் பார்த்த சுவர் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

நிலைய அதிகாரி அருள்செல்வி கிடங்கைச் சுற்றிக் கயிறு கட்டவைத்தார். உள்ளே போக மறுகோடியில் ஒரே ஒரு திறப்பு. போகிறவர்கள் அங்கே நிற்கும் ஜோசப்பிடம் தங்கள் பெயர் வில்லையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சுவர் விழுந்தால் உள்ளே யார் யார் என்று தெரிய வேண்டுமே.

கூட்டத்தைத் தடுக்கும் பொறுப்பு இருளப்பனுக்கு. பட்டாளத்தில் இருந்துவிட்டுத் தீயணைப்புக்கு வந்தவர். அதிகாரியைவிட வயதில் மூத்தவர் என்றாலும் தொழிலை அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆட்டோ ஓட்டும் ஜைத்தூன் கயிற்றோரம் வந்து நின்றார். அவருடைய ஆட்டோ சுவருக்குக் கீழே நின்றது. வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

"ரெண்டு நிமிஷம் சார். தள்ளிட்டு வந்துடுறேன்."

"சுவர் எப்ப வேணா விழும்மா."

"அதனாலதான் கேட்கிறேன்."

"வண்டிதானே? போனாப் போகுது."

"உங்க வண்டியா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

உள்ளிருந்து கடப்பாரை கேட்டார்கள். இருளப்பன் கயிற்றுக்கடியில் குனிந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு தண்ணீர் கேட்டார்கள். மறுபடியும் குனிந்து போனார். திரும்பினால், பின்னாலேயே ஜைத்தூன்.

அதட்டி வெளியே கொண்டுவந்தார்.

"அறிவு வேணாமாம்மா?"

"நீங்க போன மாதிரிதான் போனேன். உங்களை மாதிரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போகலை, அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது.

வெளியே மின்வாரிய ஆட்களிடம் பேசிவிட்டு அருள்செல்வி வந்தார்.

"கயிறு கட்டியும் மதிக்க மாட்டேங்கிறாங்க மேடம். எப்படித்தான் நிறுத்துறது?"

அருள்செல்வி ஜைத்தூனிடம் திரும்பினார்.

"வண்டி நியூட்ரல்ல நிக்குதாக்கா?"

"ஆமாம்மா."

"தூரத்துல நின்னு கொக்கி போட்டு இழுத்துப் பார்க்கிறோம். உறுதி சொல்ல மாட்டேன்."

கயிறு இடுப்பளவில்தான் இருந்தது. அருள்செல்வி அதை ஒட்டியே நடந்து, தெருமுனை வரை போய்த் திரும்பி, திறப்பை அடைந்தார். ஜோசப், "போங்க மேடம்" என்று ஒதுங்கினார். அருள்செல்வி நின்று, சட்டையிலிருந்து பெயர் வில்லையைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஜைத்தூன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

நீளக் கழியின் கொக்கி ஆட்டோவில் மாட்டியது. வண்டி நகர்ந்தபோது ஜைத்தூன் எழுந்தார். கயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பக்கத்தில் நின்ற ஆட்களும் நகரவில்லை.

வண்டியும் உள்ளே போனவர்களும் வெளியே வந்துசேர்ந்த கொஞ்ச நேரத்தில் சுவர் விழுந்தது. தெரு முழுக்கப் புழுதி.

ஜைத்தூன் தன் ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தார்.

"கூரைதான் கிழிஞ்சிருக்கு. தைச்சுக்கலாம்" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு இருளப்பன் கேட்டார்.

"குனிஞ்சு போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாமே மேடம். சுவர் விழுற நேரத்துல எதுக்கு அத்தனை சுத்து?"

அருள்செல்வி வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தீங்கண்ணே. அந்தக்கா என்னைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க."